4,400 மீற்றர் உயரத்தில் செம்புச் சுரங்கக் கட்டுமானம்: கடல்மட்டக் கணக்கு அங்கே செல்லுமா?

கோண்டாவில்_சிவில் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாக வாசியுங்கள். அறிவியல்நகரில் சிவில் முடித்து, வடக்கில் ஒன்றரை வருடம் வீதி வேலை பார்த்து, பிறகு நான்கு வருடம் கட்டாரில் பிளானிங் எஞ்சினியராக இருந்துவிட்டுப் போன மாதம்தான் ஊருக்கு வந்தேன். இப்போது சிலி நாட்டின் வடக்கில், அந்தீஸ் மலையில் கட்டப்படுகிற ஒரு பெரிய செம்புச் சுரங்கத்தில் வேலைக்கு நேர்முகம் முடிந்திருக்கிறது. தாதை அரைத்துச் செம்பைப் பிரிக்கிற ஆலைப் பகுதியின் திட்டமிடல் என் பொறுப்பு. இடம் 4,400 மீற்றர் உயரம். 14 நாள் வேலை, 14 நாள் ஓய்வு. சம்பளம் நல்லது, அதைப் பற்றிக் கேள்வி இல்லை.

நான் இதுவரை ஏறிய ஆகக்கூடிய உயரம் நுவரெலியா, 1,868 மீற்றர். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போய்க் குளிரில் நடுங்கியதுதான் நினைவிருக்கிறது. நாட்டின் ஆக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான். அதன் உச்சிக்கு மேலே இன்னும் ஏறக்குறைய 1,900 மீற்றர் போய் நின்று கொங்கிறீற் போட வேண்டும்.

என்னைக் குழப்புகிற விசயம் இதுதான். நேர்முகத்துக்குப் பிறகு ஆலைப் பகுதியின் ஷெடியூலில் ஒரு துண்டை அனுப்பி, பார்த்துக் கருத்துச் சொல்லச் சொன்னார்கள். இரும்புச் சட்டகம் ஏற்றவும் குழாய் பொருத்தவும் அதில் போட்டிருக்கிற ஆள்-மணித்தியாலங்கள், நான் கட்டாரில் பாவித்த எண்களுக்குக் கிட்டத்தட்ட அப்படியே பொருந்துகின்றன. கடற்கரையில் ஒரு தொன் இரும்புக்கு எத்தனை மணித்தியாலமோ மலையிலும் அத்தனைதான் என்றால் எனக்கு நம்பமுடியவில்லை. கட்டாரில் வெக்கைக்கு என்ன செய்வது என்று தெரியும்: கோடையில் மத்தியானம் வெளிவேலைக்குத் தடை, ஐஸ் போட்டுக் கலந்த கொங்கிறீற், பெரிய வார்ப்புகள் எல்லாம் இரவில். உயரத்துக்கு என்ன செய்வது? எல்லாக் கால அளவையும் ஏதோ ஒரு எண்ணால் பெருக்கிவிட்டால் சரியா? அப்படியானால் அந்த எண் என்ன?

இன்னொன்று, உடம்பு. எனக்கு 31 வயது, வருத்தம் ஒன்றும் இல்லை, கிழமைக்கு மூன்று நாள் பந்து விளையாடுவேன். அம்மா மட்டும் “மூச்சு விடக் காற்றில்லாத இடத்துக்கு ஏன் மோனே போகிறாய்” என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறா. அவவுக்குச் சொல்ல என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. அந்தப் பக்கம் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மானிப்பாய்_மலையேறி எழுதியது:

தம்பி, நான் பெருவிலும் சிலியிலும் சேர்த்துப் பதினொரு வருடம் சுரங்கக் கட்டுமானத்தில் நின்றுவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். உங்களுடைய சந்தேகம் சரியான சந்தேகம். அந்த ஷெடியூலைப் பார்த்த உடனே இது உங்களுக்குத் தோன்றியிருக்கிறது என்றால் அந்த வேலைக்கு நீங்கள் பொருத்தமான ஆள்.

ஆனால் ஒரு எண்ணால் பெருக்குவது சரிவராது. மண்வெட்டி பிடிக்கிறவர், கம்பி கட்டுகிறவர், ஏணியில் ஏறி இறங்கி போல்ற் முறுக்குகிறவர், இவர்களை உயரம் கடுமையாக அடிக்கும். மூடிய கபினுக்குள் இருந்து எக்ஸ்கவேற்றர் ஓட்டுகிறவரை அவ்வளவு அடிக்காது. பட்டறைக்குள் வெல்டிங் செய்கிறவர் ஒரு கணக்கு, அதே வெல்டிங்கைக் காற்றடிக்கிற குழாய்ப் பாலத்தில் (குழாய்களை உயரத்தில் தாங்குகிற இரும்புச் சட்டகம்) தொங்கிக்கொண்டு செய்கிறவர் வேறு கணக்கு. எல்லாவற்றையும் ஒரே எண்ணில் போட்டால் பாதிக்குக் கூடிப்போகும், பாதிக்குக் குறைந்துபோகும். நான் செய்தது என்னவென்றால், ஒவ்வொரு வேலையிலும் முதல் மூன்று கிழமை உண்மையில் எவ்வளவு நடந்தது என்று நானே வேலைத்தலத்தில் நின்று அளந்து, அந்த எண்ணை வைத்து மிச்சத்தைத் திரும்பப் போட்டேன். மேலிடத்துக்கு அது பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் போட வேண்டும், ஏனென்றால் பொய்யான ஷெடியூலுக்கு ஆள் எடுத்தால் அந்த ஆட்களுக்குப் படுக்க இடமிருக்காது.

நான் சொல்ல வந்த முக்கியமான விசயமே அதுதான், படுக்கை. கட்டாரில் வேலை பிந்தினால் என்ன செய்வீர்கள்? இன்னும் இருநூறு பேரைக் கூப்பிடுவீர்கள். மலையில் அது முடியாது. ஒரு வெல்டர் கூடுதலாக வேண்டுமென்றால் அவருக்கு ஒரு கட்டில், பஸ்ஸில் ஒரு இருக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, குளிக்கச் சுடுதண்ணீர், அந்தத் தண்ணீர் போய்ச் சேரக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, வருத்தம் வந்தால் ஒக்சிசன், இத்தனையும் அந்த உயரத்தில் முன்கூட்டியே கட்டப்பட்டிருக்க வேண்டும். இந்த அளவுத் திட்டத்தில் உச்சக் காலத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் நிற்பார்கள், அது ஒரு பட்டணம். கட்டில் முடிந்தால் ஆட்கள் முடிந்தார்கள், அதற்கு மேல் காசைக் கொட்டினாலும் வேலை ஓடாது. ஆகவே முதல் நாளே நீங்கள் கேட்க வேண்டிய எண் மொத்தக் கட்டில் எத்தனை என்பது. ஒவ்வொரு கிழமையும் ஆலைக்கு எத்தனை, கழிவுச்சேறு அணைக்கு எத்தனை, குழாய்வழிக்கு எத்தனை என்று பங்கு பிரித்து, ஷெடியூல் கேட்கிற ஆள் எண்ணிக்கையை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத மாதத்தை நீங்கள்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், மேலே செய்கிற ஒவ்வொரு மணித்தியால வேலையையும் கீழே இறக்கப் பார் என்று. குழாய்ப் பாலத்தைத் துண்டு துண்டாக, குழாயும் கேபிள் தட்டும் சேர்த்துக் கீழே பட்டறையில் கட்டி முடித்து, மொடியூலாக மேலே கொண்டுவந்து தூக்கி வைப்பது. மின்சார அறையை முழுதாகச் செய்து, உள்ளே எல்லாம் பூட்டிச் சோதித்து, லொறியில் ஏற்றுவது. கம்பியைக் கீழேயே வளைத்துக் கூடாகக் கட்டி அனுப்புவது. கடற்கரையில் ஒரு மணித்தியாலத்தில் முடிகிற வேலை மேலே எத்தனை மணித்தியாலம் எடுக்கும் என்று அடிபடுவதைவிட, அந்த வேலை மேலே போகாமலே பார்த்துக்கொள்வது லாபம். இதற்கு எல்லை போடுவது வீதி. வளைவு, பாலத்தின் தாங்குதிறன், சுரங்கவழியின் அகலம், மேலால் போகிற மின்கம்பி, இவைதான் மொடியூல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று முடிவு செய்யும். வடிவமைப்பு முடிந்த பிறகு வீதியை அளக்கப் போனால் எல்லாவற்றையும் திரும்ப வெட்ட வேண்டிவரும். நீங்கள் வீதி வேலை செய்தவர், உங்களுக்கு இது சொல்லத் தேவையில்லை.

கொங்கிறீற் பற்றிக் கேட்டீர்கள். தாது அரைக்கிற பெரிய மில் 40 அடி விட்டம் இருக்கும், அதாவது 12 மீற்றருக்குச் சற்று மேல். அதற்கு அத்திவாரம் என்றால் ஒரு கோயில் தேரை நிறுத்துகிற அளவு திண்டு இல்லை, தேர்முட்டியையும் சேர்த்து உள்ளே வைக்கலாம். அவ்வளவு கனமான கொங்கிறீற் உள்ளுக்குள் தானாகச் சூடாகி அறுபது பாகை தாண்டும். வெளியே இரவில் உறைநிலைக்குக் கீழே. உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் இருபது பாகை தாண்டாமல் பார்ப்பது வழக்கம், அதற்காக வெப்பமானிக் கம்பிகளை உள்ளே புதைத்து, மேலே தடித்த போர்வை போட்டு மூடி வைப்போம். நான் நின்ற ஒரு இடத்தில், மத்தியானம் வெயில் நன்றாக எறிக்கிறது, கை வைத்தால் சூடாக இருக்கிறது என்று ஒரு பொறுப்பாளர் மூன்றாம் நாளே ஒரு பக்கத்துப் போர்வையைக் கழற்றுவித்துவிட்டார். அடுத்த பலகை கட்ட அவசரம். அன்று இரவு காற்றோடு குளிர் இறங்கியது. விடிய ஆறு மணிக்கு நான் டோர்ச் அடித்துப் பார்த்தபோது, விளிம்பிலிருந்து நடுப்பக்கம் நோக்கி மூன்று வெடிப்பு, நகத்தை வைத்தால் நகம் மாட்டுகிற அளவு. அதைத் துளைத்துப் பார்த்து, ஆழம் அளந்து, எபொக்சி ஏற்றி, மில் கொடுத்த கொம்பனிக்காரர் வந்து ஒப்புக்கொள்ளும்வரை மூன்று கிழமை போய்விட்டது. ஒரு நாள் மிச்சம் பிடிக்கப் போய் மூன்று கிழமை.

இங்கே பிளாட் போட்டால் சீமெந்து வரம்பு கட்டித் தண்ணீர் விட்டு நிரப்புவோம் அல்லவா, அங்கே அப்படி விட்டால் இரவில் ஐஸ். தண்ணீர் விடாமல் இருந்தால் பகலில் அந்த வறண்ட காற்று மேற்பரப்பை ஒரு மணித்தியாலத்தில் காயப்பண்ணி வெடிக்க வைக்கும். ஆகவே கொங்கிறீற்றை ஈரம் போகாமல் காப்பதற்கும் மூடுவதற்கும் ஷெடியூலில் தனி வரியும் தனி ஆட்களும் போடுங்கள். கொங்கிறீற் போட்ட மறுநாள் அடுத்த வேலை தொடங்கும் என்று போட்டிருந்தால் அந்த இணைப்பை உடைத்துவிடுங்கள்.

கோண்டாவில்_சிவில்:

மிக்க நன்றி அண்ணை. கட்டில் எண்ணிக்கை என்கிற கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. அனுப்பிய துண்டில் ஆள் எண்ணிக்கை வரைபடம் இருக்கிறது, தங்குமிட எண்ணிக்கை எங்கேயும் இல்லை. ஒரு சின்னக் கேள்வி, கிரேனுக்கும் டீசல் இயந்திரங்களுக்கும் உயரத்தால் பிரச்சினை வராதா?

மானிப்பாய்_மலையேறி:

வரும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். மனிதருக்கு எப்படியோ இயந்திரத்துக்கும் அப்படித்தான், டீசல் எரியக் காற்றுப் போதாது. ரேபோ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற பகுதி) இருந்தால் ஓரளவு சமாளிக்கும், இல்லாத பழைய ஜெனரேற்றர் பாதி உயிரோடுதான் ஓடும். தற்காலிக மின்சாரத்துக்குக் கடல்மட்டத்துக் கணக்கில் ஜெனரேற்றர் எடுத்துவந்து, குளிர்காலத்தில் ஹீற்றர் எல்லாம் போட்டவுடன் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். கொம்பிரஷரும் அப்படி. கிரேனைப் பொறுத்தவரை பெரிய எதிரி காற்று. மத்தியானத்துக்குப் பிறகு காற்று எழும்பும், கனமான தூக்கல்களைக் காலையிலேயே முடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

வைத்தியர்_நல்லூர் எழுதியது:

தம்பி, உடம்பைப் பற்றி நான் சொல்கிறேன். தொழில்சார் மருத்துவம் என் துறை, உயரமான இடங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களைப் பரிசோதித்து அனுப்பியிருக்கிறேன்.

அம்மாவுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்: காற்றில் ஒக்சிசன் இங்கே 21 சதவீதம், அங்கேயும் 21 சதவீதம். குறைவது அழுத்தம், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற அளவு குறைகிறது. விரலில் மாட்டிப் பார்க்கிற கருவி இங்கே உங்களுக்கு 98 காட்டும். அங்கே முதல் நாட்களில் 85ஐ ஒட்டிக் காட்டினால் பயப்பட வேண்டாம், அந்த உயரத்துக்கு அது எதிர்பார்க்கிற எண். தலையிடி, ஓங்காளம், நித்திரை வராமை, சாப்பாட்டில் மனம் போகாமை, இவை போய்ச் சேர்ந்து ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கும், அநேகமாக இரண்டு மூன்று நாளில் அடங்கும்.

பயப்பட வேண்டியது வேறு. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலோடு நுரை வருவது என்றால் நுரையீரலில் நீர் கோர்க்கிறது. நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது என்றால் மூளை வீங்குகிறது. இந்த இரண்டுக்கும் முதல் மருந்து ஒக்சிசன் கொடுத்துக் கீழே இறக்குவது. நாளைக்குப் பார்ப்போம், ஷிப்ற் முடியட்டும் என்பதெல்லாம் உயிரோடு விளையாடுவது. தன் நிலை அந்த ஆளுக்கே தெரியாமல் இருக்கும், ஆகவே ஒரே அறையில் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கவனிக்க வேண்டும்.

பந்து விளையாடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை நம்ப வேண்டாம். உடற்பலம் மலை நோயிலிருந்து காப்பாற்றாது. திடகாத்திரமான இளம் பெடியள்தான் முதல் நாளே ஓடித்திரிந்து விழுவார்கள். முதல் இரண்டு நாள் மெதுவாக நடங்கள், மதுவும் நித்திரைக் குளிசையும் தொடவே வேண்டாம். அசெற்றசோலமைட் என்று ஒரு மருந்து இருக்கிறது, ஏறுவதற்கு முன்னரே தொடங்கலாம், ஆனால் சல்பா ஒவ்வாமை இருக்கிறவர்களுக்குச் சிக்கல் வரலாம், உங்கள் வைத்தியரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். போவதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள், இரத்தச்சோகை இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுப் போங்கள்.

உங்கள் 14-14 முறையில் ஒரு விசயம் இருக்கிறது. 14 நாளில் உடம்பு ஓரளவு பழகிவரும், கீழே இறங்கினால் அந்தப் பழக்கத்தில் ஒரு பகுதி போய்விடும், திரும்பப் போகும்போது அந்தப் பகுதிக்கு மீண்டும் பழக வேண்டும். சிலியில் இதற்கென்றே சட்டம் இருக்கிறது, 3,000 மீற்றருக்கு மேல் இப்படி மாறி மாறி ஏறி இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு முன்பரிசோதனையும் தொடர் கண்காணிப்பும் கட்டாயம். அதைக் கடமைக்குச் செய்கிறார்களா ஒழுங்காகச் செய்கிறார்களா என்று கவனியுங்கள்.

தங்குமிடத்தில் ஒக்சிசன் கூட்டிய அறை இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஜோன் வெஸ்ற் என்ற உடலியலாளர் முன்வைத்த முறை அது. அறைக்காற்றில் ஒக்சிசனை ஒரு சதவீதப் புள்ளி கூட்டினால் ஏறக்குறைய 300 மீற்றர் கீழே இறங்கியதற்குச் சமம். 21ஐ 25 ஆக்கினால் 1,200 மீற்றர். 4,400இல் படுத்தாலும் உடம்பு 3,200இல் படுத்த மாதிரி நித்திரை கொள்ளும். திட்டமிடுகிற ஆளுக்கு இது இன்னும் அவசியம் என்பேன், ஏனென்றால் உயரத்தில் நித்திரை குழம்பினால் முதலில் அடிபடுவது கணக்கும் தீர்மானமும். இரவு பத்து மணிக்கு எடுக்கிற முடிவை முடிந்தால் விடிய ஒருதரம் திரும்பப் பாருங்கள்.

ஸ்காபரோ_மின்சாரம்:

மேலே அண்ணை சொன்னதோடு ஒன்று. மின்சாதனங்களின் தரக்கணக்கு எல்லாம் வழமையாக 1,000 மீற்றர் உயரம்வரைக்கும்தான். அதற்கு மேலே மெல்லிய காற்று மின்காப்பையும் குறைக்கும், குளிர்த்தும் திறனையும் குறைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு அடி. அதனால் மோட்டாருக்கு, ட்ரான்ஸ்போமருக்கு, சுவிட்ச்கியருக்கு எல்லாம் உயரத் திருத்தம் போட்டு, பல இடங்களில் ஒரு வகுப்புக் கூடிய மின்னழுத்தச் சாதனமாக வாங்க வேண்டும். கம்பிகளுக்கு இடையிலான தூரமும் கூடும். தூரம் கூடினால் மின்சார அறை பெரிதாகும், அறை பெரிதானால் அண்ணை சொன்ன மொடியூல் வீதியில் வருமா என்ற கேள்வி வரும். பார்த்தீர்களா, எல்லாம் ஒன்றோடு ஒன்று கோர்த்திருக்கிறது.

தம்பி உங்கள் வேலை திட்டமிடல் என்பதால் சொல்கிறேன், இந்தத் திருத்தம் ஓடர் கொடுப்பதற்கு முன்னரே விபரக்குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறதா என்று செய்து வர நீண்ட காலம் எடுக்கிற ஒவ்வொரு சாதனத்துக்கும் பாருங்கள். பெரிய மில்லைச் சுற்றும் மோட்டாருக்குப் பற்சக்கரமே கிடையாது, மில்லின் உடம்பே சுழலி (மோட்டாரில் சுற்றுகிற பகுதி), அதைச் சுற்றி வளையமாக நிலையி (அசையாமல் நிற்கிற பகுதி). அது துண்டுகளாக வந்து மேலே வைத்துத்தான் பொருத்தப்படும், கீழே இறக்க முடியாத வேலைகளில் அது ஒன்று. தூசி படாத மூடிய கூடாரமும் சூடும் வேண்டும். இந்தக் கூடாரம் ஷெடியூலில் இல்லாமல் இருப்பதை நான் இரண்டு திட்டத்தில் பார்த்தேன்.

மின்னல். மார்கழியிலிருந்து பங்குனிவரை அந்த மேட்டுநிலத்தில் மழையும் பனியும் இடியும் வரும், பின்னேரங்களில்தான் அதிகம். எச்சரிக்கை வந்தால் வெளியில் நிற்கிற அத்தனை பேரும் பஸ்ஸுக்குள். ஆயிரக்கணக்கான பேர் ஒன்றரை மணித்தியாலம் பஸ்ஸுக்குள் இருப்பார்கள், திரும்ப இறங்கி வேலை தொடங்க இன்னும் அரை மணித்தியாலம். இதை மழைநாள் என்று ஒரே எண்ணாகப் போடாமல் அந்த மாதங்களின் பின்னேர வெளிவேலைகளில் நேரடியாகக் கழியுங்கள்.

தெல்லிப்பழை_வாசகன் எழுதியது:

நான் பொறியியலாளன் இல்லை, ஓய்வுபெற்ற ஆசிரியன். இந்த இழை முழுதும் வாசித்தேன். எல்லோரும் நல்ல விசயங்கள் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் அந்த மலையில் ஏற்கெனவே இருக்கிற சனத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய குழிகள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. ஆலை நின்று பல வருடம், குழி மூடவில்லை. எங்கள் கிணறெல்லாம் அதே சுண்ணாம்புக்கல்லுக்குள் நிற்கிற தண்ணீர்தான். ஓரிடத்தில் தோண்டினால் இன்னோரிடத்துக் கிணற்றில் தெரியும் என்பது யாழ்ப்பாணத்தானுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கண்ணோடு அந்தீஸ் மலைச் சுரங்கங்களைப் பற்றி வாசித்திருக்கிறேன்.

பெருவில் டொரொமோச்சோ சுரங்கத்துக்காக மொரொகோச்சா என்ற ஊரையே 2012இலிருந்து வேறிடத்துக்கு நகர்த்தினார்கள், ஏறக்குறைய 5,000 பேர். சில குடும்பங்கள் பல வருடம் போக மறுத்து அங்கேயே இருந்தன. இடம்பெயர்வு என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும், வீட்டுக்குப் பதில் வீடு கொடுத்தால் முடிகிற கணக்கு இல்லை அது. லாஸ் பம்பாஸ் சுரங்கத்தில் செம்புச் செறிவை (தாதை அரைத்துப் பிரித்தெடுத்த செம்புத் தூளை) குழாய்வழியாக அனுப்புவதாகத்தான் முதல் திட்டம். 2014இல் உரிமை கைமாறிய பிறகு அது லொறிப் பயணமாக மாறியது. கல்வீதியோரக் கிராமங்களுக்குத் தூசியும் இரைச்சலும். 2016இலிருந்து சனம் வீதியை மறித்த நாட்கள் மொத்தமாக 400ஐத் தாண்டின. குழாயா லொறியா என்று அலுவலகத்தில் எடுத்த ஒரு முடிவு அது. கெயாவெக்கோ என்ற இன்னொரு சுரங்கத்தில் கட்டுவதற்கு முன்னரே 2011, 2012இல் உள்ளூர்ச் சனத்தோடு ஒரு பேச்சுமேசை வைத்து, தண்ணீர் உட்பட 26 உறுதிமொழிகள் எழுதினார்கள். அங்கே 2022இல் செம்பு வந்தது.

தம்பி, நீங்கள் போகிற இடத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். சிலியில் கெப்ராடா பிளங்காவின் விரிவாக்கத்துக்குக் கடல்நீரை உப்பகற்றி ஏறக்குறைய 160 கிலோமீற்றர் குழாயில் மேலே ஏற்றுகிறார்கள். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குவதற்கே இங்கே எவ்வளவு பேச்சு நடந்தது, அதை 4,000 மீற்றருக்கு மேலே பம்ப் பண்ணுவதென்றால் எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் மலையூர்க்காரர் குடிக்கிற தண்ணீரை எடுக்காமல் விடுகிறார்கள், அது பெரிய விசயம்.

மானிப்பாய்_மலையேறி:

ஐயா, சரியான இடத்தில் தொட்டிருக்கிறீர்கள். நான் முதல் வேலை செய்த திட்டத்தில் ஊராரோடு செய்த உடன்படிக்கை ஒரு கோப்பில் இருந்தது, ஷெடியூலில் ஒரு வரியாகக்கூட இருக்கவில்லை. வீதிக்குத் தண்ணீர் தெளிப்பது, பள்ளிக்கூட நேரத்தில் லொறி விடாமல் இருப்பது, ஒரு கால்வாயை விதைப்புக்கு முன் திருப்பிக் கட்டிக்கொடுப்பது. கால்வாய் பிந்தியது. எங்களுக்கு அது சின்ன வேலை, 300 மீற்றர் கூட இல்லை. அவர்களுக்கு அந்த வருட விதைப்பு. ஒரு காலை வீதியில் கல்லை உருட்டி வைத்துவிட்டு, பெண்கள் சமையல் பாத்திரத்தோடு வந்து இருந்துவிட்டார்கள். ஒன்பது நாள். மேலே தங்குமிடத்தில் ஆயிரக்கணக்கான பேர், சாப்பாட்டு லொறி ஏற முடியாது. எங்களுடைய மொத்த ஷெடியூலிலும் ஆக முக்கியமான வேலை அந்தக் கால்வாயாக இருந்திருக்கிறது, யாரும் எழுதி வைக்கவில்லை.

தம்பி, அந்த உறுதிமொழிகளின் பட்டியலை வாங்கி, திகதியோடு, பொறுப்பாளர் பெயரோடு, வீதிப் போக்குவரத்து வேலைகளோடு இணைத்துப் போடுங்கள்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐயா சொன்ன கெப்ராடா பிளங்கா விரிவாக்கம் 4.7 பில்லியன் டொலர் என்று 2018இல் தொடங்கி, இடையில் கொரோனாவால் 2020இல் நின்று, 2023 பங்குனியில் முதல் செம்பு எடுத்தபோது 8 பில்லியனைத் தாண்டியிருந்தது. அனுபவமுள்ள ஆட்கள் செய்த வேலைதான் அது. தங்குமிடத்தில் ஒரு அறைக்கு ஒருவர் என்று இடைவெளி விட வேண்டிவந்தால் இருக்கிற கட்டில் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள், நான் ஏன் கட்டிலிலேயே நிற்கிறேன் என்று விளங்கும்.

கோண்டாவில்_சிவில்:

எல்லோருக்கும் நன்றி. வைத்தியர் அக்கா, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 21 சதவீதம் என்றதைக் கேட்டு ஆறுதல்பட்டா, நுரையீரலில் நீர் என்றதைக் கேட்டுத் திரும்பவும் கலங்கினா, ஆனால் இப்போது என்ன அறிகுறி வந்தால் இறங்க வேண்டும் என்று என்னைவிட அவவுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கொம்பனிக்கு நேற்று எழுதினேன். கட்டில் எண்ணிக்கை, ஒக்சிசன் அறை, ஊர் உறுதிமொழிப் பட்டியல், ஆள்-மணித்தியாலக் கணக்கின் அடிப்படை, நான்கையும் கேட்டேன். இன்று விடியப் பதில் வந்தது. அறைகளில் ஒக்சிசன் இருக்கிறதாம். ஆள்-மணித்தியாலம் கடல்மட்டத் திட்டம் ஒன்றிலிருந்து எடுத்தது, இன்னும் திருத்தவில்லை, அதைத் திருத்துவதுதான் என்னுடைய முதல் வேலையாக இருக்கும் என்கிறார்கள். கட்டில் எண்ணிக்கை அனுப்பியிருக்கிறார்கள். ஷெடியூலின் ஆள் வரைபடத்தோடு வைத்துப் பார்த்தேன், அடுத்த ஆனி முதல் புரட்டாதிவரை நான்கு மாதம் கட்டில் காணாது. உறுதிமொழிப் பட்டியலுக்கு மட்டும் பதில் இல்லை, திரும்பக் கேட்கப்போகிறேன்.

போகத்தான் நினைக்கிறேன். கார்த்திகையில் வரச் சொல்கிறார்கள், தை வரை தள்ளவும் முடியுமாம். எது நல்லது?

மானிப்பாய்_மலையேறி:

கார்த்திகையிலேயே போங்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒரு சுற்று முடித்துவிட்டால் உடம்பும் இடமும் பிடிபட்டுவிடும், இடிக்குள்ளும் பனிக்குள்ளும் போய் இறங்கினால் முதல் 14 நாளும் ஜன்னலால் பார்ப்பதோடு போய்விடும். போய்ச் சேர்ந்த முதல் கிழமையே அந்த நான்கு மாதக் கணக்கைக் கட்டுமான முகாமையாளரிடம் கொண்டுபோங்கள். ஆனிக்கு இன்னும் காலம் இருக்கிறது, கட்டில் கூட்டவும் முடியும், குழாய்ப் பாலத்தைக் கீழே கட்டவும் முடியும். சித்திரை தாண்டினால் இரண்டும் முடியாது.

இன்னொன்று, அங்கே தண்ணீர் 86 பாகையிலேயே கொதித்துவிடும், பருப்பு லேசில் அவியாது. அறையில் சமைக்க விடுவார்கள் என்றால் சின்னப் பிரஷர் குக்கர் ஒன்று கொண்டுபோங்கள்.